நேர்மையான ஆட்களை வைத்துச் செய்த ஊழல்: சீமென்ஸ் நிகழ்வு ஆய்வு

லஞ்சப் பணத்தைக் கையாள ஒரு நிறுவனம் எப்படிப்பட்ட ஆளைத் தேடும்? ஜெர்மனியின் சீமென்ஸில் தொலைத்தொடர்புப் பிரிவு தேடிப் பிடித்தது, தன்னிடம் இருந்ததிலேயே நம்பகமான ஓர் இடைநிலை மேலாளரை. பல வருஷம் அங்கேயே உழைத்தவர், சல்லிக்காசு தன் பைக்குள் போகவிடமாட்டார், வெளியே வாய் திறக்கமாட்டார். இதுதான் தகுதி. 2002 முதல் 2006 வரை வருஷத்துக்கு 4 கோடி முதல் 5 கோடி டாலர் வரை அவர் கை வழியாகப் போனது. 2008 ஜூலையில் மியூனிக் நீதிமன்றம் அவருக்கு 2 வருஷச் சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தது, 1,08,000 யூரோ அபராதமும் போட்டது. அப்புறம் பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: பிரிவு உயிரோடு இருக்க வேண்டும், ஆயிரக்கணக்கானவர்களின் வேலை ஒரே நாளில் பறிபோகக் கூடாது, அதற்காகச் செய்தோம்.

இதைச் சப்பைக்கட்டு என்று ஒதுக்குவது சுலபம். நான் ஒதுக்க மாட்டேன். அவர் மனதார நம்பித்தான் செய்தார் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்த வழக்கில் நாம் கற்றுக்கொள்ள ஏதாவது மிஞ்சும். பேராசை பிடித்த சிலர் செய்த ஊழல் என்றால் அவர்களைப் பிடித்து உள்ளே போட்டதும் கதை முடிந்துவிடும். ஆனால் விசுவாசமானவர்கள், மற்ற விஷயங்களில் ஒழுங்கானவர்கள், நிறுவனத்துக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தே வருஷக்கணக்கில் தவறு செய்துகொண்டிருந்தார்கள் என்றால், அந்த இடத்துக்குத் தலைவராக வருகிறவர் எங்கே கை வைப்பார்? யாரை மாற்றுவார், யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பார்? சீமென்ஸை நிகழ்வு ஆய்வாக எடுத்துக்கொள்ள எனக்கு இந்தக் கேள்விதான் காரணம். தொகை எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

சட்டம் மாறியது, வேலை மாறவில்லை

சீமென்ஸ் 1847இல் பெர்லினில் தொடங்கப்பட்டது. ரயில், மின்நிலையம், மருத்துவக் கருவி, தொலைபேசி என்று எல்லாவற்றிலும் கால் பதித்து, 2000களின் நடுவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த நிறுவனம். இவற்றையெல்லாம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அரசுகள், அரசு நிறுவனங்கள். 1999 வரை ஜெர்மன் சட்டப்படி வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுக்கும் லஞ்சம் குற்றமே கிடையாது. 'பயனுள்ள செலவு' என்று கணக்கில் எழுதி வரிக்கழிவுகூட வாங்கலாம். அமெரிக்கா 1977இலேயே இதைத் தடை செய்திருந்தது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி-யின் லஞ்ச எதிர்ப்பு உடன்படிக்கை 1997இல் கையெழுத்தாகி 1999 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஜெர்மனியும் தடை செய்தது. 2001 மார்ச் 12 அன்று சீமென்ஸ் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதும் அமெரிக்கச் சட்டமும் அதன் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

இதை உள்ளே இருக்கிற ஒரு விற்பனை மேலாளரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். 20 வருஷமாக அவர் செய்துவந்த வேலையில் ஒரு பகுதி, ஒரு காலையில் குற்றமாகிவிடுகிறது. நிறுவனம் என்ன செய்தது? சுற்றறிக்கை அனுப்பியது, நடத்தை விதிகளை அச்சடித்துக் கொடுத்தது. ஆனால் அவருடைய விற்பனை இலக்கு அப்படியே இருந்தது. அவர் போட்டியிட்ட நாடுகளும் எதிரே உட்கார்ந்து கை நீட்டிய அதிகாரிகளும் மாறவில்லை. லஞ்சம் கொடுக்காததால் ஒப்பந்தம் கைநழுவினால் உனக்கு ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேலே இருந்து ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாத இடத்தில் மற்ற எல்லா வாக்கியங்களும் வெறும் காகிதம்தான்.

அதனால் என்ன நடந்தது என்றால், கொடுப்பது நிற்கவில்லை, மறைப்பது தொடங்கியது. வேலையே செய்யாத 'ஆலோசகர்'களோடு ஒப்பந்தம் போடப்பட்டது. லிச்டன்ஸ்டைன் மாதிரி இடங்களில் ரகசியக் கணக்குகள் இருந்தன. ஒப்புதல் கையெழுத்தை ஒட்டுச்சீட்டில் வாங்கி ஆவணத்தில் ஒட்டுவார்கள், பிரச்சினை வந்தால் சீட்டைக் கிழித்துப் போட்டால் போதும், கையெழுத்திட்டவர் யார் என்றே தெரியாது. நிறுவனத்துக்குள்ளேயே 'ரொக்க மேசை'கள் இருந்தன, ஊழியர்கள் காலிப் பெட்டியோடு வந்து ஒரு நேரத்தில் 10 லட்சம் யூரோ வரை எடுத்துக்கொண்டு போனார்கள். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் கணக்குப்படி 2001 மார்ச்சுக்கும் 2007 செப்டம்பருக்கும் இடையில் அரசு அதிகாரிகளுக்கு லஞ்சமாகப் போனது குறைந்தது 4,283 பட்டுவாடாக்கள், மொத்தம் ஏறக்குறைய 140 கோடி டாலர்.

ஒட்டுச்சீட்டுக் கையெழுத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தான் செய்வது தவறு என்று தெரியாதவர் யாரும் கிழித்துப் போடக்கூடிய சீட்டில் கையெழுத்துப் போட மாட்டார். ஆக, புதிய சட்டத்தை எல்லோரும் நன்றாகவே கற்றிருந்தார்கள். எதைச் செய்தால் மாட்டுவோம் என்பதை வகுப்பெடுக்காமலே கற்றிருந்தார்கள். மாற்றத்தின் நடுவில் இருக்கிற எந்த நிறுவனத்திலும் கற்றல் ஓயாமல் நடந்துகொண்டேதான் இருக்கும், அது யாரிடமிருந்து, எதைப் பார்த்து நடக்கிறது என்பதைத் தலைமை கவனிக்கிறதா என்பதுதான் விஷயம்.

அவர்கள் எதைப் பார்த்துக் கற்றார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2003 கடைசியில் கேபிஎம்ஜி தணிக்கையாளர்கள் நைஜீரியாவுக்குப் போன 41.2 லட்சம் யூரோ ரொக்கம் சந்தேகத்துக்குரியது என்று சுட்டிக்காட்டினார்கள். நிறுவனத்தின் உள்வழக்கறிஞர் விசாரித்து அறிக்கையும் எழுதினார். அதன் பேரில் யார் மீதும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை, முழு நிர்வாகக் குழுவின் முன்னால் அந்த அறிக்கை வைக்கப்படவும் இல்லை. எழுதினால் என்ன ஆகும், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பிரிவில் இருந்த ஒவ்வொருவரும் இதிலிருந்து தெரிந்துகொண்டிருப்பார்கள். நன்னெறிப் பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படாத அளவுக்குத் தெளிவான பாடம், ஆனால் தலைகீழான பாடம்.

மறுசீரமைப்பின் அழுத்தம்

2005இல் கிளவுஸ் கிளைன்ஃபெல்ட் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அதற்கு முன் 1992 முதல் ஹைன்ரிஷ் ஃபோன் பீரர் அந்தப் பொறுப்பில் இருந்து, அப்புறம் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் தலைவராகப் போனார். கிளைன்ஃபெல்ட் வந்ததும் ஒவ்வொரு பிரிவுக்கும் லாப இலக்கு, அதற்கு 2007 கெடு. கைபேசித் தொழில் 2005இல் தைவானின் பென்க்யூ நிறுவனத்துக்குக் கைமாறியது, வாங்கியவர்கள் நடத்திய ஜெர்மன் நிறுவனம் 2006 செப்டம்பரில் திவாலானது, சுமார் 3,000 பேர் வேலை இழந்தார்கள். தொலைத்தொடர்பு வலையமைப்புத் தொழிலை நோக்கியாவோடு இணைக்கும் திட்டம் 2006 ஜூனில் அறிவிக்கப்பட்டது. லஞ்சம் அதிகமாகப் புரண்டதும் இதே தொலைத்தொடர்புப் பக்கத்தில்தான்.

மறுசீரமைப்புதான் ஊழலுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, ஊழல் அதற்கு வெகு முன்னாலேயே இருந்தது. ஆனால் அடுத்த வருஷம் நம் பிரிவே இருக்குமா என்று தெரியாத இடத்தில், 'இந்த ஒப்பந்தத்தை இப்படி வாங்குவது சரியா' என்ற கேள்வியை எழுப்புகிறவர் பக்கத்து மேசைக்காரரின் வேலைக்கே உலை வைக்கிறவராகத் தெரிவார். பெரிய மாற்றங்களின்போது ஒழுக்கக் கேள்விகள் அமுங்கிப் போவதற்கு நான் காணும் முதல் காரணம் இது. கேள்வி கேட்பது துரோகமாகவும், கேட்காமல் இருப்பது சக ஊழியர் மேல் காட்டும் அன்பாகவும் ஆகிவிடுகிறது. அந்த மேலாளர் சொன்ன காரணத்தை மறுபடி படித்துப் பாருங்கள், அது முழுக்க மற்றவர்களின் வேலையைப் பற்றியது.

சோதனைக்குப் பிறகு

2006 நவம்பர் 15 அன்று மியூனிக்கிலும் மற்ற இடங்களிலும் சீமென்ஸ் அலுவலகங்களையும் சிலருடைய வீடுகளையும் காவல்துறை சோதனையிட்டது. 2007 ஏப்ரலில் பீரர் மேற்பார்வைக் குழுவிலிருந்து விலகினார், கிளைன்ஃபெல்டும் தன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதில்லை என்று அறிவித்தார். மேற்பார்வைக் குழுவின் புதிய தலைவர் கெர்ஹார்ட் குரோமே, சீமென்ஸின் வரலாற்றில் முதல் முறையாக வெளியாள் ஒருவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரியரான பீட்டர் லோஷர், 2007 ஜூலை 1 அன்று பொறுப்பேற்றார். ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து பீட்டர் சோல்ம்சன் என்ற அமெரிக்க வழக்கறிஞரைச் சட்டப் பொறுப்புக்கு அழைத்து நிர்வாகக் குழுவிலேயே உட்கார வைத்தார்கள்.

சில மாதங்களுக்குள் மேல்மட்ட நிர்வாகிகளில் சுமார் 80 விழுக்காட்டினரையும், அதற்கு அடுத்த நிலையில் 70 விழுக்காட்டினரையும், அதற்கும் கீழே 40 விழுக்காட்டினரையும் மாற்றியதாக லோஷரே பிற்பாடு எழுதினார். இதைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. ஆட்களை மாற்றுவது அவசியமாக இருந்திருக்கலாம், ஆனால் ஆட்களை மாற்றுவதும் ஒரு நிறுவனம் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கதவைத் தாண்டிப் போய்விட்டால், புதிதாக வருகிறவர்களுக்கு 'அது பழைய ஆட்கள் செய்தது' என்ற நிம்மதி கிடைத்துவிடும். அந்த நிம்மதி ஆபத்தானது.

அதனால்தான் அடுத்து வந்த முடிவை இந்த வழக்கிலேயே மிக நல்ல முடிவாக நான் பார்க்கிறேன். உள்விசாரணை நடத்திய வழக்கறிஞர்கள் ஆரம்பத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்கள். நடுமட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும், வாய் திறந்தால் வேலை போகும், நிறுவனமே இழப்பீடு கேட்டு வழக்குப் போடும், யார் பேசுவார்கள்? 2007 அக்டோபர் 31 அன்று சீமென்ஸ் ஒரு மன்னிப்புத் திட்டத்தை அறிவித்தது. குறிப்பிட்ட தேதிக்குள் தாமாக வந்து உண்மை முழுவதையும் சொல்கிறவர்களை நிறுவனம் வேலையை விட்டு நீக்காது, இழப்பீடும் கேட்காது. குற்றவழக்கிலிருந்து காப்பாற்றும் அதிகாரம் நிறுவனத்துக்கு இல்லை, அதை அது வாக்குக் கொடுக்கவும் இல்லை. நிர்வாகக் குழுவில் இருந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முன்வந்து பேசினார்கள். தொடர்ந்து விசாரணை 34 நாடுகள் வரை விரிந்தது, 1,750 நேர்காணல்கள் நடந்தன.

இதில் எனக்குப் பிடித்தது மன்னிப்பு கிடைத்தது மட்டும் இல்லை, அது யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும்தான். வழக்கமாக நிறுவனங்கள் கீழே இருக்கிற இரண்டு மூன்று பேரைப் பலி கொடுத்துவிட்டு மேலே இருப்பவர்களைக் காப்பாற்றும். இங்கே வரிசை திரும்பியது. பொறுப்பு அதிகமாக உள்ளவருக்குச் சலுகை குறைவு. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நைஜீரியா அறிக்கை கற்றுக்கொடுத்த பாடத்தை ஒரு சுற்றறிக்கையால் அழிக்க முடியாது. பக்கத்து அறைக்காரர் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த நாளும் அதே மேசையில் உட்கார்ந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால்தான் அழியும்.

சரி, இதில் குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் சின்னக் குறை இல்லை. இவ்வளவு பெரிய நிறுவனத்தில் லஞ்சம் கொடுக்க மறுத்து, அதனால் ஒப்பந்தத்தையோ பதவி உயர்வையோ இழந்தவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். தவறு செய்துவிட்டு வந்து சொன்னவருக்கு ஒரு கதவு திறந்தது, தவறே செய்யாமல் பின்தங்கிப் போனவருக்கு என்ன திறந்தது? மன்னிப்புத் திட்டம் போடுகிற தலைவர்கள் அதே மூச்சில் இந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு நிறுவனத்தில் நேர்மையை யாரைப் பார்த்துக் கற்பது என்றால் முதலில் அவர்களைப் பார்த்துத்தான், விசாரணையின் சத்தத்தில் அவர்கள் பெயர் யார் காதிலும் விழுவதில்லை.

வழக்கின் சட்டப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவோடு 80 கோடி டாலருக்குச் சமரசம், அதே நாளில் ஜெர்மனிக்கு 39.5 கோடி யூரோ, அதற்கு முந்தைய வருஷம் 20.1 கோடி யூரோ. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 160 கோடி டாலர். அமெரிக்காவில் தாய் நிறுவனம் ஒப்புக்கொண்டது உள்கட்டுப்பாடு, கணக்குப் பதிவு சம்பந்தமான குற்றங்களைத்தான், லஞ்சக் குற்றத்தை அல்ல. அப்படி அமைந்ததால் அரசு ஒப்பந்தங்களுக்குப் போட்டியிடும் தகுதியை அது இழக்கவில்லை. சீர்திருத்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பாளராக முன்னாள் ஜெர்மன் நிதி அமைச்சர் தியோ வைகல் 4 வருஷம் இருந்தார். அவர் அமைச்சராக இருந்த 1989 முதல் 1998 வரையிலான வருஷங்களிலும் வெளிநாட்டு லஞ்சத்துக்கு வரிக்கழிவு நடைமுறையில் இருந்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு நாடே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. உலக வங்கியுடனான 2009 உடன்பாட்டில் ஊழல் ஒழிப்புப் பணிகளுக்கு 15 வருஷத்தில் 10 கோடி டாலர் கொடுக்கவும், வங்கியின் ஒப்பந்தங்களுக்கு 2 வருஷம் போட்டியிடாமல் இருக்கவும் சீமென்ஸ் ஒப்புக்கொண்டது.

மேலே இருந்தவர்களின் பொறுப்பு உரிமையியல் வழியில் தீர்ந்தது. பீரர் தவறை ஒப்புக்கொள்ளாமல் 50 லட்சம் யூரோ கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். 2013 டிசம்பரில் மியூனிக் நீதிமன்றம் முன்னாள் நிதித்துறைத் தலைவர் ஒருவர் 1.5 கோடி யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது, பிறகு குறைந்த தொகைக்கு அது சமரசமானது. தீர்ப்பின் அடிப்படை முக்கியமானது: முறைகேட்டைத் தடுக்க வேலை செய்கிற ஓர் ஏற்பாட்டை உருவாக்குவதும், அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமை. காகிதத்தில் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

எதைக் கற்றது, எது விட்டுப்போனது

லோஷர் காலத்தில் கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டமும் விதிகளும் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உலகம் முழுக்க சுமார் 600 பேர் வந்தார்கள். ஆலோசகர் ஒப்பந்தங்கள் ஒட்டுமொத்தமாக அலசப்பட்டன, மேல்மட்ட நிர்வாகிகளின் ஊக்கத்தொகையோடு விதிகளைக் கடைப்பிடிப்பதும் இணைக்கப்பட்டது. சுத்தமான வியாபாரம் மட்டுமே சீமென்ஸ் வியாபாரம் என்று அவர் போகிற இடமெல்லாம் சொன்னார். அதே நேரத்தில் நிறுவனத்தையே தொழில், ஆற்றல், மருத்துவம் என 3 துறைகளாக மாற்றி அமைத்தார். ஒழுக்கச் சீர்திருத்தத்தையும் அமைப்புச் சீர்திருத்தத்தையும் தனித்தனியாக வைக்காமல் ஒன்றாகவே செய்தது புத்திசாலித்தனம், ஏனென்றால் எந்த நாட்டில் எந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்று தெளிவாகாமல் எந்த விதியும் நிற்காது. 2013இல் லாபக் கணிப்பு தவறியதால் அவரையே நீக்கிவிட்டு, உள்ளேயே வளர்ந்த ஜோ கேசரைத் தலைவராக்கினார்கள்.

லஞ்ச விஷயத்தில் சீமென்ஸ் உண்மையாகவே மாறியது என்று நான் நம்புகிறேன். ஆனால் 600 பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றானதும் மற்றவர்கள் மனசாட்சியை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு 'கம்ப்ளையன்ஸ் சரி சொல்லிவிட்டது' என்று நிறுத்திக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட கேள்விக்குப் படிவம் இருக்கும், மற்றக் கேள்விகளுக்கு இருக்காது. 2017 ஜூலையில், ரஷ்யாவின் தமானில் வைக்க என்று விற்ற 4 எரிவாயுச் சுழலிகள் ரஷ்யா உக்ரைனிடமிருந்து பறித்துக்கொண்டதால் ஐரோப்பியத் தடை இருக்கும் கிரைமியாவுக்குப் போய்விட்டன. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்று சீமென்ஸ் வழக்குப் போட்டது, அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் விற்கும்போதே எழுந்திருக்க வேண்டிய சந்தேகம் அது.

2019 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்கான ரயில் பாதைக்கு சிக்னல் கருவிகள் தரும் ஒப்பந்தத்தை சீமென்ஸ் கையெழுத்திட்டது. மதிப்பு சுமார் 1.8 கோடி யூரோ, அந்த நிறுவனத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்த வேளை, பருவநிலைப் போராளிகள் உலகம் முழுக்க எதிர்த்தார்கள். 2020 ஜனவரியில் கேசர் ஒரு திறந்த கடிதம் எழுதினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம், ஆனால் முன்கூட்டியே இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார். வெளியாட்களும் இருக்கும், கேள்விக்குரிய திட்டங்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமுள்ள ஒரு நிலைத்தன்மைக் குழுவை அமைப்பதாகவும் சொன்னார்.

வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகத் தொடர்ந்தது சரியா என்பதில் நியாயமாக இரண்டு பக்கமும் பேசலாம், நானாக இருந்தால் விலகியிருப்பேன். இந்த ஆய்வுக்கு அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்களில் எந்த ஒப்பந்தம் மேலே போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தொகைதான் முடிவு செய்கிறது, 1.8 கோடி யூரோவுக்கெல்லாம் தலைவரின் மேசையில் இடம் கிடைக்காது. லஞ்ச வழக்கில் கற்ற பாடம், பணம் எங்கே போகிறது என்று பார்க்கும் ஏற்பாட்டைக் கொடுத்தது. இங்கே பணம் எல்லாம் ஒழுங்காகவே போனது. அந்த வேலையின் விளைவு எங்கே போய் விழும் என்று கேட்க வேண்டியவர், கையெழுத்துப் போடுகிற வரிசையில் அப்போது யாருமே இல்லை.